நீல நூல் வரைக்கும்

என் மேசையின் கடைசி இழுப்பறையில் ஒரு வெள்ளை நாடா சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பாவாடைக்குக் கோக்கிற நாடா மாதிரிதான், அகலம் மட்டும் கொஞ்சம் கூடுதல். கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளில் துணியின் உள்பக்கம் வைத்துத் தைப்பார்கள். என்னிடம் இருக்கும் நாடாவில் விட்டு விட்டுச் சிவப்பு நூலால் குறுக்குத் தையல்கள் போட்டிருக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நீல நூல். குண்டூசியோ ரப்பரோ தேடும்போது எப்போதாவது அது கையில் தட்டுப்படும். எடுத்துப் பிரிப்பேன். நீல நூல் வரைக்கும் பிரித்துவிட்டு மறுபடி சுருட்டி உள்ளே தள்ளிவிடுவேன். போன வாரம் வரைக்கும், அதற்கு மேல் பிரித்துப் பார்த்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன.

அதைத் தைத்தவரை எல்லோரும் பிரசிடெண்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெங்களூரில் பொம்மனஹள்ளியைத் தாண்டி, ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பிப் போகிற ஒரு கிராமப் பஞ்சாயத்துக்கு அவர் தலைவி. பேருக்குத்தான் கிராமம். ராகி விளைந்த நிலத்திலெல்லாம் ஷீட் போட்ட வீடுகள் நெருக்கியடித்து நின்றன. பாதிப்பேர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, கன்னடமும் தமிழும் சரளமாகப் பேசுகிறவர் என்று காலனிக்காரர்கள் இவரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அவரோ கார்மெண்ட்ஸில் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவர். பகலெல்லாம் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிவிட்டு, சாயங்காலம் போய்ப் பஞ்சாயத்துக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். "காலையில டெய்லரு, சாயங்காலம் கெவருமெண்டு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் அப்போது அந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வின் வீட்டு முன்னறையில் இருந்த அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என் அப்பாவும் அம்மாவும் கட்டட வேலையில் கல் மண் சுமந்தவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என் மதிப்பெண் பட்டியலை அம்மா பிளாஸ்டிக் கவரில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவாள். அதில் ஓர் எழுத்தும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, காகிதம் என்றால் எனக்கு அப்போது ஒரு பக்தியே இருந்தது. முத்திரை குத்திய காகிதம் ஒரு குடும்பத்தைத் தூக்கிவிடும் என்பதற்கு எங்கள் வீட்டில் நானே சாட்சி.

பட்ஜெட்டுக்கு முந்தைய மாதங்களில் எங்கள் முன்னறை நிரம்பி வழியும். தொகுதியிலுள்ள பஞ்சாயத்துத் தலைவர்கள் எல்லோரும் தங்கள் ஊருக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டுக்கொண்டு வருவார்கள். பஞ்சாயத்தின் வரிப்பணத்தில் தெருவிளக்குக்கு பல்பு மாற்றலாம். போர்வெல் மோட்டாரை ரிப்பேர் செய்யலாம். பாலமோ சுவரோ கட்ட வேண்டுமென்றால் மாநில அரசின் பணம் வர வேண்டும். அதற்கு எம்.எல்.ஏ. சட்டசபையில் பேச வேண்டும், மந்திரியிடம் சொல்ல வேண்டும். ஆகவே சால்வை, எலுமிச்சம்பழம், பட்டியல் மூன்றையும் ஏந்திக்கொண்டு வந்து உட்காருவார்கள். எம்.எல்.ஏ. யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. எல்லோருக்கும் ஒரு சிபாரிசுக் கடிதம் உண்டு. அதை நான்தான் டைப் அடிப்பேன். ஆனால் கடிதத்தால் மட்டும் எதுவும் நடக்காது. கடிதம் போன பிறகு எங்கள் அலுவலகத்திலிருந்து இன்ஜினியருக்கு ஒரு போன் போக வேண்டும். 'அந்த லெட்டர் நம்ம லெட்டர்' என்று எம்.எல்.ஏ.வின் பி.ஏ. ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போன் வராத கடிதங்களை அங்கே மூட்டையாகக் கட்டி வைத்துவிடுவார்கள். சேர்ந்த முதல் மாதமே எனக்கு இது தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது.

அக்கா முதல்தடவை வந்தபோது கையில் ஒரு மூங்கில் கம்பு இருந்தது. அவர்களுடைய காலனியை ஒட்டிப் பெரிய மோரி, சாக்கடையும் மழைத்தண்ணீரும் போகிற கால்வாய், ஓடுகிறது. அடைமழைக்குத் தண்ணீர் கரையேறி வீடுகளுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று தன் வீட்டுக்குள்ளேயே கம்பை நட்டுக் குறித்திருந்தார். வாசலில் வாட்ச்மேன் மறித்துவிட்டான். "கம்பெல்லாம் தூக்கிக்கிட்டு வந்தா அடிக்க வந்த மாதிரி இருக்கும்மா." மனுவை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் கம்பிலிருந்த அளவையெல்லாம் நாடாவில் தைத்து, இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

எம்.எல்.ஏ. முன்னால் அவர் பேச்சை நீட்டவில்லை. செருப்பைக் கழற்றினார். நாடாவின் ஒரு முனையைப் பெருவிரலால் மிதித்துக்கொண்டு மறுமுனையைத் தொடை வரைக்கும் இழுத்துப் பிடித்தார். "இந்தச் செவப்பு நாலு வருசத்துக்கு முந்தி. இது அதுக்கடுத்தது. இது போன வருசம். இந்த நீலம் இருக்குது பாருங்க, இது எங்க வூட்டுக்காரரு படுத்திருக்கிற கட்டிலு." அவருடைய கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். ஓசூர் ரோட்டில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தது. கடைசிச் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே அக்கா தன் விரல்களைச் சேர்த்து வைத்துக் காட்டினார். நாலு விரல்.

"பாப, நாலே விரலாம்மா?" என்றார் எம்.எல்.ஏ., 'ஐயோ பாவம்' என்பதை மட்டும் கன்னடத்தில் விட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில். கட்டிலை உயர்த்தக் கூடாதா என்றும் கேட்டார்.

"ஏற்கெனவே காலுக்கு ரெண்டு செங்கல்லு சார். அதுக்கு மேல ஏத்துனா அவரைத் தூக்கிப் படுக்க வைக்க என்னால ஆவாது. அவருக்கென்ன, தண்ணி வந்தா 'சுத்தி அகழி, நடுவுல ராஜா'ன்னு படுத்துக்கிட்டே சிரிக்கிறாரு. எனக்குத்தான் மெஷின்ல உக்காந்தா கண்ணு வானத்தையே பாக்குது. மோரிக்கு ஒரு சுவர் வேணும் சார். அது ஒன்னுதான். என் லிஸ்ட்ல வேற எதுவும் கிடையாது."

அறையிலிருந்த மற்றத் தலைவர்கள்கூட எட்டி நாடாவைப் பார்த்தார்கள். எம்.எல்.ஏ. முகம் உண்மையாகவே மாறியது. இன்றைக்கும் நான் அதைச் சந்தேகப்படவில்லை. பி.ஏ.வைத் திரும்பிப் பார்த்தார். பி.ஏ. என்னிடம் வந்து கன்னடத்தில், "லெட்டர் கொட்டு களிஸப்பா" என்றார். கடிதம் கொடுத்து அனுப்பு. அவ்வளவுதான். அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்தது. போன் போகிற கடிதமாக இருந்தால் "நன்றாக அடி, நகல் எனக்குக் கொடு" என்பார். அந்தப் பஞ்சாயத்தில் ஓட்டு குறைவு. அந்த வருடம் போன் வேறு ஊர்களுக்குப் போக வேண்டியிருந்தது.

நன்றாகத்தான் அடித்தேன். ஒரு பிழை இல்லாமல், ஓரம் சமமாக விட்டு, அழகாக அடித்தேன். அக்காவுக்குப் பேச்சுக் கன்னடம்தான் தெரியும், வாசிக்க வராது. வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசியில் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது போதுமா? இல்ல இன்னும் யாரையாவது பாக்கணுமா?"

"போதும்க்கா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. பி.ஏ. இரண்டடி தள்ளித்தான் நின்றார். ஆனால் அது மட்டுமில்லை. அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அணைக்க வேண்டாமே என்று நினைத்தேன். அரைகுறையாக நானேகூட நம்பினேன், இவ்வளவு அழகான காகிதம் எங்காவது யார் மனதையாவது தொடாதா என்று. அக்கா என் கன்னத்தைத் தொட்டு, "படிச்ச புள்ள சொல்லிட்ட, அப்புறம் என்ன" என்றார்.

அந்த 'அப்புறம் என்ன' எங்கே போய் நின்றது என்று சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அவருடைய பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் காலனியைத் திரட்டி, பட்ஜெட் முடிவதற்குள் ஓசூர் ரோட்டில் உட்காரத் தயாராக இருந்திருக்கிறார். அக்காவே இதை என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். "'அரை மணி நேரம் ரோட்ல உக்காந்தா எம்.எல்.ஏ. ஓடி வருவாரு, வாங்கக்கா'ன்னு ஒத்தக்கால்ல நின்னான். நான்தான் திட்டி அனுப்புனேன். லெட்டரே கைக்கு வந்துடுச்சி, அப்புறம் ரோட்ல உக்காந்து பஸ்ஸுல போற ஜனங்களைப் பேஜாரு பண்ணுவியாடான்னேன்." பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். லாமினேஷன் செய்திருந்தார். நகலைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். ஆட்டோக்காரர் சொன்னதுதான் சரியான வழி. சாலையை மறித்திருந்தால் அன்று மத்தியானமே போன் போயிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். தலையை ஆட்டிச் சிரித்தேன்.

ஆயுதபூஜை முடிந்த வாரம். தெருவில் ஆட்டோக்களின் முன்னால் கட்டிய வாழைக்கன்றுகள் இன்னும் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சுவர் வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்க வந்திருந்தார். எம்.எல்.ஏ. ஊரில் இல்லை. மூன்று மணி இருக்கும், மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் மழைதானே, கொட்டிவிட்டு ஓடிவிடும் என்று எல்லோரும் நினைக்கிற மழை. அக்கா எழுந்துவிட்டார். நான்தான் சொன்னேன்: "மழை விடட்டும்க்கா. நனைஞ்சிக்கிட்டே போய் என்ன பண்ணப் போறீங்க?" அவர் உட்கார்ந்தார். டீ வந்தது. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தார். இடது கையின் நாலு விரல்களும் ஒட்டிச் சேர்ந்து மடியில் இருந்தன. அதை அவர் தெரிந்து செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு, லாமினேஷன் கடிதத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் ஆட்டோக்காரர் வந்தார். சட்டையில் சேறு காய்ந்திருந்தது. யாரையும் திட்டவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: "மத்த வருசம் தண்ணி மெதுவா ஏறும், சார். நேத்து மேல்பக்கத்து மண்கரை அப்படியே பொளந்துக்கிச்சி. ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாரும் வேலைக்குப் போயிருந்தோம். நான் ஸ்டாண்டுல இருந்தேன். அக்கா வந்து கதவைத் தள்ளுறப்போ கட்டிலே தெரியல."

அன்று பத்து மணிக்குப் போன் போனது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். பி.ஏ. இன்ஜினியரைப் பிடித்து, "அந்த மோரி லெட்டர், அது நம்ம லெட்டர்" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் சுவர் எழும்பிவிட்டது. அடிக்கல்லில் எம்.எல்.ஏ. பெயர் பெரிதாகவும், கீழே தலைவி என்று அக்கா பெயர் சின்னதாகவும் வெட்டியிருந்தது. பதவியில் இருப்பவர் என்பதால் தேங்காய் உடைக்க அவரைத்தான் அழைத்தார்கள். வந்தார். ஒரே அடியில் உடைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

தேங்காய் உடைத்துப் பத்து நாள் கழித்து ஒரு காலையில், ஷிப்டுக்குப் போகிற வழியில், எங்கள் முன்னறைக்கு வந்தார். நான் தனியாக இருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, ஒன்னு கேக்கறேன். அந்த லெட்டரு மட்டும் போதாதுன்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

டைப்ரைட்டரில் பாதி அடித்த ஒரு கடிதம் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "தெரியாதுக்கா."

அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. முந்தானையிலிருந்து நாடாவை எடுத்து என் மேசையில் வைத்தார். "இது இனிமே எனக்கு வேணாம். நீ ஆபீசுல இருக்கிறவன், வெச்சிக்க" என்றார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பதவிக்காலம் முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். சுவர் இன்னும் நிற்கிறது. பிள்ளைகள் அதில் கரியால் ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

நான் பரீட்சை எழுதி இப்போது ஒரு அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். பஞ்சாயத்துகளிலிருந்து வரும் பட்டியல்களைப் பதிவு செய்து மேலே அனுப்புவது என் வேலை. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கடிதங்கள் இன்னும் அழகாக வருகின்றன. போன வாரம் வேறொரு பஞ்சாயத்தின் தலைவர், பள்ளிக்கூடத்து மேற்கூரைக்காக வாங்கிய சிபாரிசுக் கடிதத்தை நீட்டி, "இது போதும் இல்லையா சார்?" என்று கேட்டார். "போதாது" என்றேன். "எம்.எல்.ஏ. ஆபீசிலிருந்து போன் வரணும். வரலைன்னா ஊரையே கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் உட்காருங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் காசுக்கு அடி போடுகிறேன் என்று நினைத்திருப்பார். "லெட்டர் கொடுத்தவருக்கு இல்லாத அக்கறை உங்களுக்கென்ன சார்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அணைக்க வேண்டிய வெளிச்சத்தை அணைத்துவிட்டேன். அதனால் எதுவும் லேசாகிவிடவில்லை.

அவர் போன பிறகு இழுப்பறையைத் திறந்தேன். அறையில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றி, நாடாவின் முனையைப் பெருவிரலால் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, பிறகு நாலு விரல், பிறகு நீலம். அங்கே நிறுத்தாமல் கையை மேலே நகர்த்தினேன். ஒன்றரைச் சாண் தாண்டி இன்னொரு சிவப்புத் தையல் இருக்கிறது. அவர் நாடாவை மேசையில் வைத்துவிட்டுப் போன அன்றே அதைப் பார்த்திருந்தேன். கேள்வி கேட்க வருவதற்கு முன்பே அவர் அதைத் தைத்து முடித்திருந்தார். கீழேயுள்ள தையல்களெல்லாம் ஒற்றை ஓட்டம். நூலை இழுத்தால் பிரிந்து வந்துவிடும். இதை மட்டும் மெஷினில் முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டியிருக்கிறார். நகத்தால் நெருடிப் பார்த்தேன். பிரியவில்லை.