பொட்டு வைத்த கூலண்ட் டப்பா

எங்கள் எர்ணாவூர் குடியிருப்பில் கன்னியம்மா அக்காவின் கார் கிளம்புவது எல்லோர் வீட்டுக்கும் கேட்கும். காலை ஐந்தரைக்கு முதலில் பானெட் திறக்கும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அதை மூடும் சத்தம். அதற்குப் பிறகுதான் இன்ஜின் சத்தம். மழையானாலும் இந்த வரிசை மாறாது. போன வருஷம் வரை இப்படி இல்லை. எப்படி இப்படி ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. பிறந்தது காசிமேட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில். அவருடைய அப்பா விசைப்படகில் இன்ஜின் பார்த்தவர். சுனாமிக்குப் பிறகு அரசு கொடுத்த வீட்டுக்குத்தான் இங்கே வந்தார்கள். முதலில் தலையில் மீன் கூடை. பிறகு ஆட்டோவில் மீன் பெட்டி. பிறகு அந்த ஆட்டோவை அவரே ஓட்டினார். அதற்கப்புறம் செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளை டாக்ஸி. அவர் ஸ்டீயரிங் பிடித்தபோது சிரித்தவர்கள் உண்டு. இப்போது அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு வலி எடுத்தால் அக்காவின் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

அவருக்கு ஒரு நிரந்தரச் சவாரி இருந்தது. உபைதுல்லா பாய். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்து, உடம்பு முடியாமல் கடையை விட்டுவிட்டு, திருவொற்றியூரில் மகள் ஷாஸியா வீட்டில் இருப்பவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ராயபுரத்தில் ஒரு டயாலிசிஸ் சென்டருக்குப் போக வேண்டும். காலை ஆறரைக்கு அவருடைய நாற்காலி. தாமதமானால் அந்த நேரம் போனது போனதுதான். அவருக்குப் பின்னால் இன்னொருவர் காத்திருப்பார். நாலு மணி நேரம் சுத்தமாக வேண்டிய ரத்தம் மூன்று மணி நேரம்தான் சுத்தமாகும். மீதி அவருடைய காலில் வீக்கமாக நிற்கும்.

ஏழு மாதம் ஒரு நாள் தவறாமல் அக்கா அவரைக் கொண்டுபோய் விட்டார். அதில் அவருக்குப் பெருமை. சொல்லிக்கொள்ளமாட்டார், ஆனால் திங்கள்கிழமை காலையில் அவர் முடி வாரியிருக்கும் விதத்திலேயே தெரியும்.

வண்டியைப் பார்த்துக்கொள்வதிலும் அவருக்குத் தன்மேல் நம்பிக்கை இருந்தது. இன்ஜினோடு வளர்ந்தவர் இல்லையா. சின்ன வயதில் படகு கிளம்பும்போது அப்பா அவரைப் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கச் சொல்வாராம். படகு இன்ஜின் கடல் தண்ணீரைக் குழாய் வழியாக உறிஞ்சும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீரைப் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கடலுக்கே வெளியே தள்ளும். குப்பத்தில் அதைத் துப்புவது என்பார்கள். துப்பினால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். துப்பவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். கடலில் தண்ணீருக்கா பஞ்சம்? இன்ஜின் குடித்துக்கொண்டே இருக்கும், துப்பிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பாடத்தை அக்கா அப்படியே காருக்கும் வைத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பார். தண்ணீர் குறைந்திருந்தால் வீட்டு போர்வெல் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து ஊற்றுவார். பிறகு வாரத்துக்கு இரண்டு முறை ஆனது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். அவருக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. இன்ஜின் என்றால் தண்ணீர் குடிக்கும். இன்ஜினைக் குளிர்விக்கக் கடையில் விற்கும் கூலண்ட் எல்லாம் காசு பிடுங்கக் கலர் கலந்த தண்ணீர் என்று அவரே ஸ்டாண்டில் பலருக்குச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அது அன்றாடம் நடப்பதுதான். ஆனால் அன்று இருபது நிமிடம் ஒரு சக்கரம்கூட உருளவில்லை. அக்கா ஏசியை நிறுத்தினார். வெப்பம் காட்டும் முள் மேலே ஏறிக்கொண்டே போனது. டோல்கேட் அருகே பானெட் ஓரத்தில் ஆவி வந்தது. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார்.

பக்கத்து லாரிக்காரர் ஒருவர் உதவிக்கு வந்து மூடியில் கை வைத்தார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். கொதிக்கும்போது திறந்தால் உள்ளே இருப்பது முகத்தில் பீய்ச்சும் என்று அவருக்குத் தெரியும். முதலில் பாயை அனுப்ப வேண்டும். தெரிந்த ஆட்டோக்காரர் நோயலுக்குப் போன் போட்டார். நோயல் சந்து சந்தாகப் புகுந்து வந்து பாயை ஏற்றிக்கொண்டு போனார். நாற்பது நிமிடம் தாமதம். அன்று பாய்க்கு மூன்று மணி நேரம்தான் கிடைத்தது.

சாயங்காலம் ஷாஸியா போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் அக்காவுக்கு உறைத்தது.

"அக்கா, வாப்பாவுக்கு மூச்சு வாங்குது. படுக்க முடியாம உக்காந்துகினே கீறாரு. நீங்க தப்பா எட்த்துக்காதீங்க. நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

"ஒரு வாரம் பாத்துக்கோம்மா. அதுக்கப்புறம் என் வண்டிய நீயே பாத்துட்டு சொல்லு" என்றார் அக்கா. மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

மறுநாள் வண்டியைத் தண்டையார்பேட்டையில் மொஹ்சின் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மொஹ்சின் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். வாய் கொஞ்சம் நீளம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் செங்கல் நிறத்தில் வந்தது.

"டீ போட்டு வச்சிகிறியாக்கா உள்ள?"

"நக்கல் அப்பறம் பண்ணு. இன்னான்னு பாரு."

"இன்னா ஊத்துன?"

"தண்ணி தான். வூட்டு போர் தண்ணி."

மொஹ்சின் சிரிப்பதை நிறுத்தினார். எர்ணாவூர் போர் தண்ணீரை நாக்கில் வைத்தால் கரிக்கும். அதில் குளித்தால் தலைமுடி கயிறாகும். அது வருஷக்கணக்காக இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே கொதித்தால் என்ன ஆகும்? கழற்றிக் கீழே வைத்த ரேடியேட்டரின் குழாய்களில் பாதி உப்புப் படிந்து அடைத்திருந்தது. வாட்டர் பம்ப் ஓரத்தில் வெள்ளையாகக் கசிவின் தடம்.

"எத்தினி நாளைக்கி ஒருக்கா ஊத்துவ?" என்று கேட்டார். ஆறு மாதமாக அடிக்கடி, இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார்.

"அக்கா, இது மீன் புடிக்கிற போட்டு கெடையாது. குடிச்ச தண்ணிய இது துப்பாது. அதே தண்ணிய உள்ளயே வச்சிகினு சுத்தினே கீது. கொறையவே கூடாது. கொறஞ்சா எங்கியோ ஓட்ட கீதுன்னு அர்த்தம். நீ ஆறு மாசமா அதுக்குத் தண்ணி காட்டிகினு கீற."

அக்கா குனிந்து பம்ப் ஓரத்து வெள்ளைத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார் என்று மொஹ்சின் பிறகு சொன்னார். வண்டி ஆறு மாதமாகத் தன் நோயைச் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தாகம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. பம்ப்பும் ரேடியேட்டரும் புதிதாக மாறின. ரப்பர் ஹோஸ்களும் மூடியும்கூட மாறின. மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, அந்த அழுத்தம் இருந்தால்தான் கொதி நிலை தள்ளிப் போகும் என்று மொஹ்சின் சொன்னதும், பழைய மூடியே போதும் என்று சொல்லியிருந்த அக்கா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

இனி எந்தக் கூலண்ட் என்பதுதான் கேள்வி. கடையில் பச்சை, சிவப்பு, நீலம் மூன்றும் இருந்தன. பச்சையே எல்லா வண்டிக்கும் ஓடும் என்றார் கடைக்காரர். எங்கள் பிளாக்கில் இருக்கும் கோதண்டம் அண்ணன் படகு ஜெனரேட்டருக்கு வாங்கி மீந்த பாதி கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் பச்சைதான். அதை ஊற்றிவிட்டு மேலே தண்ணீர் விடு தங்கச்சி, போதும் என்றார். நல்ல மனசு. ஆனால் அக்கா இந்த முறை யார் வாயையும் கேட்பதாக இல்லை. நிறத்தைக் கம்பெனிக்காரன் அவனவன் இஷ்டத்துக்குச் சேர்க்கிறான், ஒரே நிறத்தில் இரண்டு வேறு சரக்கு இருக்கும், ஒத்துவராத இரண்டைக் கலந்தால் உள்ளே கூழாகக் கட்டிக்கொள்ளும் என்று மொஹ்சின் எச்சரித்திருந்தார்.

அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது? வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துத்தான். அது டேஷ்போர்டு டப்பாவில் பிரிக்காமல் கிடந்தது. முழுக்க ஆங்கிலம். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. படித்துச் சொல்ல எங்கள் பிளாக்கிலேயே நாலு பேர் இருக்கிறோம். ஆனால் அக்கா அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஷாஸியாவுக்கு அனுப்பினார். கூடவே ஒரு குரல் செய்தி: "இதுல இன்னா போட்டுகிதுன்னு படிச்சி சொல்லும்மா. வாப்பா ஒக்கார்ற வண்டி."

ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது. ஷாஸியா வரி வரியாகத் தமிழில் சொல்லியிருந்தார். எத்திலீன் கிளைக்கால் கூலண்ட். சிலிக்கேட் சேராத, ஆர்கானிக் ஆசிட் வகை. கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. குழாய்த் தண்ணீர் கூடாது என்று அடிக்கோடு போட்டிருக்கிறது. இரண்டு வருஷம் அல்லது நாற்பதாயிரம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும்.

சென்னையில் தண்ணீர் உறையப் போவதில்லை, பிறகு உறையாமல் காக்கும் இது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் கேட்டேன். கூலண்ட் சேர்த்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிடத் தாமதமாகத்தான் கொதிக்கும். அதைவிட முக்கியம், உள்ளே துரு பிடிக்காது. லாரி வரிசையில் நின்று நின்று போகும் எங்கள் ஊர் வண்டிக்கு இரண்டும் வேண்டும்.

கேனின் பின்பக்க எழுத்தை ஷாஸியா சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்து, மொஹ்சினையும் படிக்கச் சொல்லி, அக்கா வாங்கினார். அது சிவப்பாக இருந்தது. கலவையையும் அவரே அளந்தார். கூலண்டை அதிகமாக ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று கோதண்டம் அண்ணன் கேட்டதற்கு, "மீன் பெட்டில ஐஸ் கொறஞ்சா மீனு நாறும். ஐஸே ரொப்புனா மீன எங்க வைப்ப? சரி பாதி தான்" என்றார். சூட்டைச் சுமப்பது தண்ணீர். அதைக் காப்பாற்றுவது கூலண்ட். இரண்டில் எது குறைந்தாலும் கஷ்டம்.

சிஸ்டத்தைத் தெளிந்த நீர் வரும்வரை நான்கு முறை கழுவினார்கள். கடைசி முறை டிஸ்டில்டு வாட்டரில். பிறகு கலவையை மெதுவாக ஊற்றி, மூடி போடாமல் இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும்வரை காத்திருந்தார்கள். சிந்தியதை அக்கா உடனே கழுவித் துடைத்தார். கூலண்ட் இனிப்பாக இருக்கும், தெரு நாய் நக்கினால் செத்துவிடும்.

வண்டி தயார். ஆனால் அக்கா ஷாஸியாவுக்குப் போன் செய்யவில்லை. இன்ஜின் ஆறியபின், உள்ளே இருப்பது வெளியே தெரியும் ரிசர்வ் டப்பாவில் கூலண்ட் நின்ற மட்டத்தில், வெளிப்பக்கம் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, அதன்மேல் செல்லோ டேப் போட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு, லாரி வரிசை மோசமாக இருக்கும் நேரமாகப் பார்த்து, காலி வண்டியை அதற்குள் கொண்டுபோய் நிறுத்தினார். ஏசியை முழுசாகப் போட்டார். ஒன்றேமுக்கால் மணி நேரம். முள் பாதியில் நின்றது. ஃபேன் சுற்றியது, நின்றது, திரும்பச் சுற்றியது. சவாரி இல்லாமல் யாராவது டிராஃபிக்கில் போய் நிற்பார்களா என்று நோயல் கேட்டாராம். மூன்று நாள் அக்கா அப்படி நின்றார்.

மூன்று காலையும் குளிர்ந்த இன்ஜினில் பானெட்டைத் திறந்து பார்த்தார். கூலண்ட் பொட்டின் நடுவிலேயே நின்றது. மூன்று போட்டோ. மூன்றையும் ஷாஸியாவுக்கு அனுப்பினார். கீழே ஒன்றும் எழுதவில்லை.

அந்த வாரம் பாய் வேறு டாக்ஸியில் போய்வந்திருந்தார். மூன்று நாளில் ஒருநாள் அந்த டிரைவர் வரவே இல்லை. ஷாஸியா அதைச் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை வாங்க அக்கா" என்று மட்டும் பதில் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை அதே டோல்கேட், அதே கன்டெய்னர் வரிசை. கால் மணி நேரம் நின்றார்கள். பாய் பின் சீட்டிலிருந்து எட்டி எட்டி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சாலையைப் பார்த்தார். ஆறு பதினெட்டுக்கு சென்டர் வாசலில் வண்டி நின்றது. பாய்க்கு அவருடைய நாற்காலி கிடைத்தது. முழு நாலு மணி நேரமும் கிடைத்தது.

அதன்பிறகு இத்தனை மாதத்தில் மட்டம் ஒரே ஒருமுறை அரை விரல் இறங்கியது. அக்கா அன்றே மொஹ்சினிடம் போனார். ஹோஸைப் பிடிக்கும் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு, டிக்கியில் வைத்திருக்கும் அதே கலவையை ஊற்றினார். கோதண்டம் அண்ணனின் பச்சைக் கேன் இன்னும் அண்ணன் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது.

பாய்க்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. திருவொற்றியூரில் அவர் வீட்டு வாசலில் அக்கா இன்ஜினை அணைக்காமல் கதவைத் திறந்துவிடுவார். பாய் ஏறமாட்டார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

"பொட்டு எங்க கீது, காட்டு."

"காலைலயே பாத்துட்டேன் பாய்."

"நீ பாத்த. நான் பாக்கல."

அக்கா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் பானெட்டைத் தூக்குவார். பாய் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, சிவப்புப் பொட்டையும் அதற்குப் பின்னால் நிற்கும் சிவப்புக் கூலண்டையும் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, சீட் பெல்ட்டைத் தானே போட்டுக்கொள்வார்.