தேசி மரத்துக்கு அடித்த மிச்ச மருந்து

எனக்குப் பூந்தோட்டம் பிடிக்காது. தண்ணீர் இறைத்தால் வெங்காயம் விளையவேண்டும், அவ்வளவுதான். கனடாவில் இருக்கும் மகள்தான் கெடுத்தாள். தன் யன்னலுக்கு வெளியே ஒரு குட்டிக் குருவியைப் போனில் காட்டினாள். அது அந்தரத்தில் நின்றபடியே பூவில் தேன் குடித்தது. அன்றைக்கே என் மனைவிக்கு ஆசை பிடித்துவிட்டது.

“அந்தக் குருவி இஞ்சை வராது,” என்றேன்.

“அது வராட்டித் தேன்சிட்டு வரும். நீங்கள் கத்தாமல் இருந்தால் எல்லாம் வரும்.”

கிணற்றடியில் பூச்செடிகளாகச் செவ்வரத்தையும் எக்சோராவும் நட்டாள். நான் வேலியோரம் பிடுங்கி எறிந்த எருக்கலைச் செடியைக்கூட எடுத்துவந்து நட்டாள். வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடுமாம். ஆளில்லாத வளவில்தான் எருக்கலை நிற்கும், பார்க்கிறவன் நாங்களும் ஊரைவிட்டுப் போய்விட்டோம் என்று நினைப்பான் என்று சண்டை பிடித்தேன். அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. பிறகு தேன்சிட்டு வந்தது. மனைவி சமைக்கும் குசினி யன்னலுக்கு நேரே, ஊறுகாய்க்குக் காய் தரும் தேசி மரத்தில், ஒரு கொப்பின் நுனியில் கூடு தொங்கவிட்டது. நாரோடு என் வெங்காயச் சருகையும் வைத்துப் பின்னியிருந்தது. இரண்டு குஞ்சுகள். அவற்றின் கதையை மகளுக்கு ஒவ்வொரு நாளும் போனில் சொல்வதுதான் மனைவிக்கு வேலை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வெங்காயத்துக்கு மருந்தடித்தபின் முதுகில் சுமக்கும் ராங்கியில் மிஞ்சுவதைக் கீழே ஊற்றமாட்டோம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஏதாவது மரத்துக்கு அடித்து முடிப்போம். அன்று காலையும் முதுகில் ராங்கியோடு வந்தேன். தேசி இலையெல்லாம் புழு. யோசிக்கவில்லை, அடித்தேன். பாதி மரம் முடிந்தபோது அரிசி கழுவிய சட்டியோடு மனைவி வெளியே வந்தாள்.

“என்ன செய்யிறியள்?”

“புழு.”

“தாய் குஞ்சுகளுக்குக் குடுக்கிறதே அந்தப் புழுவைத்தானே.”

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

கத்தியை எடுத்தேன். மருந்து பட்ட கொப்புகளை எல்லாம் வெட்டினேன். நான் நட்டு வளர்த்த மரம், காய்க்கிற மரம். முள் இரண்டு கையையும் கிழித்தது. வெட்டியதை இழுத்துப்போய் வளவு மூலையில் கிடங்கு வெட்டித் தாட்டு மண் மூடினேன். கூடு இருந்த பக்கம் மட்டும் மிஞ்சியது.

தாய்க் குருவி வரவில்லை. வெயில் ஏறியது. குஞ்சுகளின் சத்தம் குறைந்தது. கிணற்றுக்கட்டில் இருந்து என்னையே ஏசிக்கொண்டிருந்தேன்.

“வந்து சாப்பிடுங்கோ,” என்றாள் மனைவி, யன்னலுக்குள் நின்று.

“பசிக்கேல்லை.”

“நீங்கள் அதிலை குந்தியிருந்தால் அது எப்பிடி வரும்? எழும்பி வாங்கோ.”

எழுந்து உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் அது வந்தது. வாயில் ஒரு சிலந்தி. கூட்டிலிருந்து இரண்டு அலகுகள் திறந்தன. அதன்பிறகுதான் சோறு இறங்கியது.

ஆனாலும் காலையில் என்ன தின்றனவோ என்ற பயம் போகவில்லை. தோட்டத்துக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் யன்னலில் நின்று எண்ணினேன். இரண்டு. மறுநாளும் இரண்டு. கடைசியில் ஒரு காலை, ஒன்று பறந்து செவ்வரத்தையில் போய் இருந்தது. மற்றது தடுமாறி விழுந்து, நான் பிடுங்கி எறிந்த அந்த எருக்கலையில் தொற்றிக்கொண்டது. தாய் கத்திக் கூப்பிட, அதுவும் எழும்பிப் போனது. நான் வெளியே போனேன். கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன்.

மனைவி போனில் மகளோடு கதைப்பது கேட்டது.

“ரண்டும் பறந்திட்டுது பிள்ளை. அப்பாவோ? கிணத்துக்கட்டிலை இருந்து கண்ணைத் துடைக்கிறார். கேட்டால் வேர்வையெண்டுவார்.”

வேர்வைதான். இப்போது மருந்தை மிஞ்சாமல் அளந்துதான் கலக்கிறேன். தேசி மரம் ஒரு பக்கம் மொட்டையாக நிற்கிறது. மற்றப் பக்கத்தைப் புழு தின்கிறது. தின்னட்டும்.