கடலைப் பார்த்தேன் என்றவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், போடிமெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ள அவர் வந்து சேர்ந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த கறுத்த ஆள். இடது காதில் பாதி இல்லை. காற்று வீசினால் போதும், விறகைக் கீழே போட்டுவிட்டு காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

கொச்சியில் ஒரு துரையின் பந்தயப் படகில் பாய் இழுத்ததாகச் சொன்னார். ஊரில் எதையாவது செய்துவிட்டு மலையேறி ஒளிபவர்கள் அளக்கும் கதைகளை, ஸ்டோர் கணக்குப்பிள்ளையான நான் நிறையக் கேட்டிருந்தேன். இவரையும் மடக்கிப் பார்த்துவிட நினைத்தேன்.

"படகுப் பந்தயம்னா எப்படிண்ணே நடக்கும்?"

"கரைய ஒட்டி ஓடுனா சனம் நின்னு கைதட்டும் தம்பி. நடுக்கடல் பந்தயம்னா ரெண்டு மூணு நாளு ஓடும். அங்கன பாக்க ஆளில்ல."

"அப்ப அங்க என்ன நடந்தாலும் யாருக்கும் தெரியாது?"

அவர் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

"ஒருக்கா எங்க கூட்டாளி ஒருத்தன் தண்ணியில விழுந்துட்டான். படகத் திருப்புனா தோத்துருவோம்னு தொரை கத்துறாரு. அன்னைக்குச் சுக்கான் எங் கையில."

"திருப்புனீங்களா?"

"செயிச்சோம் தம்பி" என்றார். சோலி கிடக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவில்லை. அதுவரை அவர் சொன்னதெல்லாம் பொய் என்று காட்டத் துடித்துக்கொண்டிருந்தேன். இன்றும் அவரை நினைத்தால், அந்த மனிதர் கடலைக் கண்ணால்கூடப் பார்க்காத பொய்யராக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் மனசு ஏங்குகிறது.