உள்பக்கம் மட்டும் திறக்கும் கம்பிகள்

பதினான்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகள் ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்கும். வெளியிலிருந்து புறா நெஞ்சால் தள்ளினால் அவை உள்பக்கமாக விலகி வழிவிடும். புறா நுழைந்ததும் கிணிங்கென்று திரும்ப விழுந்து கீழ்ச்சட்டத்தில் முட்டி நின்றுவிடும். உள்ளேயிருந்து எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. பந்தயப் புறா வளர்ப்பவர்களுக்கு இந்த வாசல்தான் முக்கியம். களைத்து வந்த புறா கூரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்காமல் நேரே உள்ளே போய்விட வேண்டும். போனது மறுபடி வெளியே வரக் கூடாது. இதைச் செய்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். இப்போது அந்தச் சட்டம் என் மாடியில் இருக்கிறது. கம்பிகள் பதினான்கையும் மேலே தூக்கி ஒரு துண்டுக் கிழிசலால் சேர்த்துக் கட்டியிருக்கிறது. அந்த முடிச்சு நான் போட்டதல்ல. அதை அவிழ்க்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அத்தான் சீவலப்பேரி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஐம்பது வயதுக்குமேல் புறாப் பைத்தியம் பிடித்தது. பதினொரு ஹோமர் ஜாதிப் பந்தயப் புறாக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கூடு தேட ஆரம்பித்தார். பத்தாயிரத்துக்குள் முடித்தாக வேண்டும். "அதுக்கு மேல கேட்டா உங்க அக்கா என்னையக் கூட்டுல அடைச்சிருவா மாப்ள" என்பார். நான் வீடுகளுக்கு பிளான் போட்டுக் கட்டிக்கொடுக்கிறவன். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டார். பாளையங்கோட்டையில் பார்த்தது இரும்புத் தகடு அடித்த கூடு. உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "சித்திரையில இதுல புறா வளக்க முடியாது, வறுக்கத்தான் முடியும்" என்றார். மேலப்பாளையத்தில் ஒருவர் பழைய மரக்கூட்டை மலிவாகத் தருவதாகச் சொன்னார். அத்தான் அதற்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். மூலைப் பலகையை நகத்தால் கீறினார். செள்ளுப் பூச்சி கொத்தாக ஊர்ந்தது. கடைசியில் சொந்தமாகச் செய்வதென்று முடிவாயிற்று. பஸ் பாடி கட்டும் ஷெட்டில் கழித்துப்போட்ட பலகைகளும் பழைய கம்பிவலையும் சைக்கிள் கடை ஸ்போக்ஸ்களும் சேர்ந்தன. வரைபடம் என்னுடையது.

எங்கே வைப்பது என்ற பேச்சு அப்புறம் வந்தது. அத்தான் வீடு சிந்துபூந்துறையில் ஆற்றுப் பக்கம் இறங்கும் தெருவில் ஓட்டு வீடு. என் மாடி வீடு அதே தெருவின் மேட்டில். "மாப்ள, உன் மாடியில கிழக்கு மூலை மட்டும் போதும். வர்ற புறாவுக்குத் தூரத்துலயே கூடு தெரியும்" என்று கேட்டார். அந்த மாதம்தான் மாடியில் புதுத் தட்டோடு பதித்திருந்தேன். புறா எச்சத்தை நினைத்தாலே குமட்டிற்று. அதை நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், என்ஜினியர் குரலில் பேசினேன். மாடியில் காற்று வேகம் அதிகம், பாரம் ஒரு மூலையில் இறங்கினால் விரிசல் விடும், புறாவுக்குத் தரைதான் குளிர்ச்சி என்று அடுக்கினேன். ஒன்றும் உண்மையில்லை. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "சரி மாப்ள, நீ சொன்னா சரி" என்றார். கூடு அவர் வீட்டுக் கொல்லையில் இரண்டடிக் கால்களின் மேல் நின்றது. அடுத்த வருஷமே திருச்சியில் விட்ட புறா மத்தியானத்துக்குள் வந்து கம்பியைத் தள்ளியது. அத்தான் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

பிறகு ஒரு மார்கழியில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டி, காலையில் ஆறு தெருவுக்குள் ஏறியது. அக்காவும் அத்தானும் அக்கம்பக்கத்தாரும் என் மாடிக்குத்தான் வந்தார்கள். ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே ஐம்பது பேர், புதுத் தட்டோடு முழுக்கச் சேறு. அத்தான் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கொல்லையையே பார்த்துக்கொண்டு நின்றார். "மாப்ள, கம்பி உள்ளதான தொறக்கும். அதுகளுக்கு வெளிய வரத் தெரியாதுலா" என்றார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார். அக்கா கத்தினாள். "கதவைத் தொறந்துவிட்டுட்டு இந்தா வந்துருதேன்" என்றார் அத்தான். அப்போது தண்ணீர் இடுப்பளவு. நான் தடுத்திருக்க வேண்டும். "பைய போங்க அத்தான்" என்றுதான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் புறாக்கள் ஒவ்வொன்றாக எழும்பின. எண்ணினேன், பதினொன்று. நனைந்த சிறகோடு தட்டுத்தடுமாறி என் மாடிச் சுவரில், எங்கள் நடுவே வந்து உட்கார்ந்தன. எந்த மூலையை நான் கொடுக்க மாட்டேன் என்றேனோ அதே மூலை. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதுதான் கொல்லைச் சுவர் சரிந்த சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் அத்தானை ஆற்றில் வெகுதூரம் கீழே கண்டெடுத்தோம். கூட்டின் முன்பக்கம் மட்டும் வேப்பமரத்தில் சிக்கிக் கிடந்தது. கம்பி வாசலை ஒட்டியிருந்த கதவு பூட்டுத் திறந்தும் அசையாமல் இறுகியிருந்தது. வெளிப்பக்கம் திறக்கும் கதவை வெள்ளம் அமுக்கிப் பிடித்திருக்கிறது. அப்படித்தான் நான் வரைந்திருந்தேன். ஆகவே கம்பிகளைத் தூக்கித் துண்டைக் கிழித்துக் கட்டியிருக்கிறார். அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு இரட்டை முடிச்சு.

புறாக்கள் அந்த இடத்தை விடவில்லை. கூடு இல்லாத கொல்லையைச் சுற்றிவிட்டு ஓட்டில் வரிசையாக உட்காரும். அக்கா கம்பு தூவுவாள். ஒன்றைப் பூனை பிடித்த பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, புதுசா ஒரு கூடு செய்யணும். எங்கன வச்சா நல்லது?"

"என் மாடியில வைப்போம்க்கா."

"மாடி ஆகாதுன்னு அன்னைக்கு நீதானல சொன்ன?"

"அது பொய்க்கா. எச்சம் விழுமேன்னு சொன்ன பொய்" என்றேன். அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். கையிலிருந்த கம்பை முழுதும் தூவி முடித்தாள்.

"தெரியும்லே. அவியளுக்கும் தெரியும். 'புதுத் தட்டோடு போட்டிருக்கான், நேராச் சொல்லக் கூச்சப்படுதான். நாம சங்கடப்படுத்தக் கூடாது, தரையிலேயே வச்சுக்கிடுவோம்'னு அன்னைக்கே சொன்னாவ."

தெரியாமல் ஏமாந்தார் என்று நினைத்திருந்த வரையில் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. என் முகத்தைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் புரிந்து, என் மானத்தைக் காப்பாற்ற அவர் தலையாட்டியிருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கிழக்கு மூலையில் இப்போது நல்ல கூடு நிற்கிறது. முகப்பில் அவர் செய்த அதே சட்டத்தைப் பொருத்தியிருக்கிறேன். பழைய புறாக்கள் சாயங்காலம் மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அக்கா வீட்டு ஓட்டுக்கே போய்விடுகின்றன. சில நாள் கீழே காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது மாடியில் கிணிங்கென்று கேட்கும். டம்ளரை வைத்துவிட்டு ஓடுவேன். கூடு காலியாக இருக்கும். பதினான்கு கம்பிகளும் அவர் தூக்கிக் கட்டிய உயரத்திலேயே இருக்கும்.