கோவிந்தாவின் இடது தோள்

தாராவியில் எங்கள் வீட்டில் காலியான சுவர் ஒன்றுகூட இல்லை என்பது, என் இடது தோள் பூட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி எளிதானதுதான். சுவரை ஒட்டி நின்று, இரண்டு விரல்களைப் பல்லி ஏறுவதுபோல மெல்ல மேலே நடத்த வேண்டும்; வலிக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று, இறங்கி வர வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன சங்கடம் என்று புரியாது. எங்களுக்கு இருப்பது ஒரே அறை. ஒரு பக்கம் பாத்திர அலமாரி, ஒரு பக்கம் சாமிப் படங்களும் டிவியும், ஒரு பக்கம் மேலே ஏறும் இரும்பு ஏணி, மிச்சம் கதவு. முன்பு ஒருமுறை அம்மா இங்கே வந்திருந்தபோது, "ஏ எய்யா, முதுகு சாச்சு உக்கார ஒரு செவரு இல்லியே உன் வீட்டுல" என்றாள். நான் சிரித்தேன். அதன்பிறகு எவ்வளவு கூப்பிட்டும் அவள் வரவில்லை. இப்போது என் மனைவி செல்வி காலண்டரையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, ஏணிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள். "ஏறுங்க, பல்லி விழுந்தா என்ன பலன்னு பாத்துச் சொல்லுதேன்" என்றாள்.

நான் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இப்படி இறுகிப்போவது உண்டாம். பிசியோதெரபி மேடம் மராட்டிப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். முதலில் சூட்டுப் பையை வைப்பாள். பிறகு என்னைக் குனியவைத்து, வலது கையை மேஜையில் ஊன்றி, இடது கையைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டச் சொல்வாள். அதுவரை சுகமாகத்தான் இருக்கும். அப்புறம் கையைப் பிடித்து மேலே தூக்குவாள் பாருங்கள், உயிர் போய் உயிர் வரும். நமக்கு வலி வந்தால் பல்லைக் கடித்து மூச்சை அடக்கித்தான் பழக்கம். அதுதான் தப்பு என்பாள் அவள். தசை இன்னும் இறுகுமாம். "ஸாஸ் சோடோ, காகா" என்று அதட்டுவாள். மூச்சை விடுங்கள், பெரியவரே என்று அர்த்தம்.

முதல் நாள் அவள் கேட்ட கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது. இந்தக் கையால் முக்கியமாக என்ன செய்ய வேண்டும்? ஒருவருக்குத் தலைவார வேண்டுமாம், ஒருவருக்கு லோக்கல் ட்ரெயினில் கைப்பிடியைப் பிடிக்க வேண்டுமாம். நான் யோசிக்காமல், "மட்கா உட்டானா ஹை, கந்தே பே" என்றேன். தோளில் பானை தூக்க வேண்டும்.

"அரே, தஹி ஹண்டி! இஸ் உமர் மே கோவிந்தா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த வயதில் கோவிந்தாவா என்கிறாள்.

கோகுலாஷ்டமிக்கு இங்கே தெருவுக்குத் தெரு உயரத்தில் தயிர்ப்பானை கட்டுவார்கள். பையன்கள் தோள்மேல் தோள் ஏறி அதை உடைப்பார்கள். அவர்களுக்குக் கோவிந்தா என்று பெயர். அப்போது அந்தப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் கோவிந்தா.

எப்படித் திருத்துவது? அம்மா ஊரில் அக்கா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். நான் ஒரே மகன். போனில் பேச்சே குறைந்துவிட்ட நிலையிலும் ஒன்றை மட்டும் விடாமல் சொன்னாள். "எய்யா, எனக்குக் கோவிந்தாக் கொள்ளி ஆயிரக் கூடாது. நீ வந்து குடம் எடுக்கணும்." நாதியற்றுப் போனவர்களுக்கு யாரோ வைக்கும் நெருப்புதான் கோவிந்தாக் கொள்ளி. கொள்ளிக்குடத்தை இடது தோளில்தான் ஏற்ற வேண்டும். என் கையோ காதுவரைகூட ஏறவில்லை. பெற்றவள் உயிரோடிருக்கும்போதே அவளுக்குக் குடம் தூக்கப் பயிற்சி எடுக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? செல்வியிடம்கூடச் சொல்லவில்லை. விரல் கொஞ்சம் ஏறினால் அவள் பென்சிலால் கோடு போட்டுச் சந்தோஷப்படுவாள். எனக்கோ கை ஏற ஏற, அம்மாவை அனுப்பிவைக்க நானே தயாராகிறேன் என்று தோன்றும். அதற்காக ஏறாமலும் இருக்க முடியவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் அக்கா கூப்பிட்டாள். நான் போய்ச் சேரும்வரை அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். சுடுகாட்டில் என் தோளைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா மகன், "அண்ணே, குடத்த நான் எடுக்கேன். நீ கொள்ளிய மட்டும் வையி" என்றான். நல்ல மனசில்தான் சொன்னான். நான் கொடுக்கவில்லை. குடம் ஏறியது. ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை போட்டார்கள். தண்ணீர் முதுகில் வழிந்தது. கடைசிச் சுற்றில் தோள் தெறித்துவிடும்போல வலித்தது. அதுவரை நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவனுக்கு, மூச்சை விடுங்கள் என்ற அந்தப் பெண்ணின் அதட்டல் காதில் கேட்டது. விட்டேன். மூச்சோடு அழுகையும் வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் குடம் விழுந்து உடைந்தபோது எல்லோரும் "கோவிந்தா, கோவிந்தா" என்றார்கள். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் திரும்பப் பார்த்தேன். திரும்பக் கூடாது என்று பிடித்துக்கொண்டார்கள்.

மும்பை திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏதோ எழுதிக்கொண்டிருந்த மேடம் நிமிராமலே, "க்யா கோவிந்தா, மட்கி ஃபூட்டி க்யா?" என்றாள்.

"ஃபூட் கயி" என்றேன். பானை உடைந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். அவர்கள் வழக்கத்திலும் தோளில் பானை உண்டு போலிருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆயி?" என்று மட்டும் கேட்டாள். அம்மாவா என்று.

"ஆயி" என்றேன்.

அன்று அவள் கையை இழுக்கவே இல்லை. சூட்டுப் பையைத் தோளில் வைத்து, அது ஆறும்வரை பக்கத்திலேயே நின்றாள். போகும்போது, பயிற்சியை விட்டுவிடாதீர்கள், விட்டால் மறுபடி பூட்டிக்கொள்ளும் என்றாள்.

அம்மாவின் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். எங்கே மாட்டுவது என்று செல்வி அறையைச் சுற்றிப் பார்த்தாள். இருந்தது ஒரே இடம். கடைசிப் பென்சில் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே ஆணி அடித்தாள். வரமாட்டேன் என்றவள், கடைசியில் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டாள். காலையில் அவள் முன்னால் நின்று விரல்களை ஏற்றுகிறேன். சட்டத்தின் அடிவரை போகிறது. அதற்கு மேலும் கை போகும். அவளைத் தாண்டி ஏற்ற மனசில்லாமல் நான்தான் இறக்கிவிடுகிறேன்.