ஊருக்கு ஒரே மளிகைக்கடை

பதினைந்து நாள் முன்பு, வகுப்புக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒரு போன். திருச்சுழி பக்கத்துக் கிராமம் ஒன்றில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. எந்தக் கிராமம் என்று சொல்லமாட்டேன் — பட்ட பிறகு வந்த புத்தி!

“என்ன சார், இப்படிப் பண்ணிட்டீக?”

நான் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவன், உங்களுக்குத் தெரியும். ஆய்விதழில் நான் எழுதினால் மூன்று பேர் படிப்பார்கள். அதில் ஒருவன் நான். பிளாக்கில் எழுதினால்? ஊரே படிக்கும். அந்த மிதப்பில், அண்ணாச்சி நம்பிச் சொன்னதை அப்படியே போட்டுவிட்டேன்: “ரெண்டு கட்சிக்காரவுக வந்து ஓட்டுக் கேட்டாலும் சரி சரின்னு தலையாட்டுவேன். ஓட்டு என் இஷ்டம்.”

அவர் பெயரைப் போடவில்லை. ‘ஒரு மளிகைக்கடைக்காரர்’ என்றுதான் எழுதினேன். கூடவே கிராமத்தின் பெயரைப் போட்டேன். அங்கே இருப்பதே ஒரு மளிகைக்கடை... மண்டையில் ஏறவில்லை.

மதியமே பஸ் பிடித்துப் போனேன். கடையில் ஆளே இல்லை.

“வாட்ஸ்அப்ல சுத்துது சார். ரெண்டு கட்சிக்காரவுகளும் என் கடையத் தாண்டி, பஸ்ஸு ஏறி டவுனுல பருப்பு வாங்குறாக.”

வெட்கமாக இருந்தது. “இப்பவே அழிச்சிடுறேன் அண்ணாச்சி” என்று போனை எடுத்தேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். “அழிச்சா, சொன்னது நாந்தேன்னு உறுதியாயிரும்ல! அவுக பஸ்ஸேறிப் போற டவுனு கடையிலயும் கேளுங்க. எல்லாரும் இதத்தேன் சொல்லுவாக. எல்லாக் கடையும் இப்படித்தேன்னா, என்மேல மட்டும் என்ன கோவம்?”

ஒருவர் சொன்னதை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று வருஷா வருஷம் பாடம் நடத்துவது யார்? நான்தான்!

மூன்று நாள் அலைந்தேன். அந்த டவுனில் ஆரம்பித்து காரியாபட்டி, பாலவனத்தம், பாளையம்பட்டி — கடைகள் நிறைய இருக்கிற ஊர்களாகப் பார்த்து. எழுதலாமா என்று முதலில் கேட்டுக்கொண்டேன். கடைக்குக் கடை அதே பதில். “தலையாட்டாம யாவாரம் பண்ண முடியுமா சார்?” என்று சிரித்தார் ஒருவர். எல்லாவற்றையும் பிளாக்கில் எழுதினேன்.

நேற்று அண்ணாச்சியே கூப்பிட்டார். “பழைய ஆளுக வாராக சார். எல்லாக் கடையும் ஒண்ணுதேன், எதுக்குப் பஸ்ஸுக்குச் செலவழிக்கணும்ங்கிறாக.”

அப்பாடா! மனசு லேசானது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தொழில் புத்தி விடுமா? “நமக்குள்ள இருக்கட்டும் அண்ணாச்சி... நிஜமா யாருக்குத்தான் போட்டீங்க?”

“நீங்க யாருக்குப் போட்டீகளோ, அவுகளுக்குத்தேன் சார்!”