திருப்பிப் பார்க்காத இலை

அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் வேலுமணிக்கு இருபது வருடமாகச் செக்கிங் வேலை. எந்தப் பனியனையும் உள்புறம் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். டேமேஜ் கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். கல்யாணத்தில் மாப்பிள்ளை சட்டையின் காலரைக்கூடத் திருப்பிப் பார்த்த மனுஷன்.

சொந்தக் காட்டில் பயிரிட்ட சோயாச் செடிகள் வெளுத்தபோது மட்டும், இலைக்கு மேலேயே மூன்று முறை பூச்சிமருந்தடித்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார். மனைவி செல்வநாயகி போய் ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் நூலாம்படை கட்டி, சிலந்திப்பேன்கள் குடும்பம் குட்டியோடு சௌக்கியமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஏனுங்க, மருந்தை இலைக்கு அடியிலதானுங்க அடிக்கோணும்! இதைத் திருப்பிப் பார்க்கலீங்களா?"

செல்வநாயகி அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்து, அவர் நெற்றியில் ஒட்டினாள்.